வருகைப் பதிவே எடுக்காமல் "யாரும் லீவு இல்லை" என்று எழுதாதீர்கள்

நண்பர்களே, இது நீளமான பதிவு. வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருப்பவர்கள் கடைசி வரை படியுங்கள். மற்றவர்கள் நேரம் இருந்தால் படியுங்கள். சண்டை போட வருபவர்கள் மட்டும் தயவுசெய்து முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் நாலே வரி எழுதியிருந்தேன். ஒன்பதாம் மாதத்தில் கர்ப்பிணிக்கு "குரூப் பி ஸ்ட்ரெப்" என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்க ஒரு பரிசோதனை உண்டு, நம் தாய் சேய் நல அட்டையில் அதற்கு ஏன் ஒரு வரிகூட இல்லை என்று கேட்டிருந்தேன். அவ்வளவுதான். அதற்கு வந்த பதில்களைப் பார்த்தால், நான் ஏதோ ஊர்க் கோயிலை இடிக்கச் சொன்னது போல இருக்கிறது. "டீச்சர், இது வெள்ளைக்காரன் நோய், நம்ம ஊர்ல கிடையாது" என்கிறார் ஒருவர். "கார்ப்பரேட் ஆஸ்பத்திரிக்குப் புதுசா ஒரு பில் போட வழி காட்டுறீங்க" என்கிறார் இன்னொருவர். "எங்க பாட்டி பத்துப் புள்ள பெத்தா, எந்த டெஸ்டும் எடுக்கல" என்பவருக்கு நான் என்ன சொல்ல? பாட்டி பெற்றது பத்து. வளர்த்தது எத்தனை என்று உங்கள் அப்பாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள், தம்பி.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியை, முப்பது வருஷத்துக்கு மேல் கிராமத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவள். ஆனால் மக்கள்தொகைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கு, போலியோ சொட்டு மருந்து முகாம் என்று இந்த அரசாங்கத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்தவள். எண்ணுவது என்றால் என்ன, எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

முதலில் கிருமியைப் பற்றி. முழுப் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே. அகலாக்டியே என்றால் பால் இல்லாமை. மாட்டின் மடிநோயில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். மடி வீங்கிப் பால் வற்றிப்போகும் நோய், மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். 1930களில் ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தை ஏ, பி, சி என்று வகை பிரித்தார், நாம் வகுப்பை அ பிரிவு, ஆ பிரிவு என்று பிரிப்பது போல. அதில் பி பிரிவுதான் இது. மருத்துவர்கள் சுருக்கமாக ஜிபிஎஸ் என்பார்கள்.

இது பெண்ணின் குடலிலும் பிறப்புறுப்பிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். அரிப்பு இருக்காது, காய்ச்சல் இருக்காது, நாற்றம் இருக்காது. வரும், போகும், திரும்ப வரும். உலகம் முழுக்கப் பார்த்தால் நூறு கர்ப்பிணிகளில் ஏறத்தாழ 18 பேரிடம் இருக்கிறது. தெற்காசியாவில் கொஞ்சம் குறைவு, நூற்றுக்கு 12, 13 என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்கிறார்கள்.

இங்கே மாமியார்களுக்கும் கணவன்மார்களுக்கும் ஒன்று சொல்லிவிட வேண்டும். இது பால்வினை நோய் இல்லை. அசுத்தத்தால் வருவதும் இல்லை. அந்தப் பெண் எங்கேயும் போய் வாங்கி வந்ததில்லை. உங்கள் குடலிலும் இருக்கலாம், என் குடலிலும் இருக்கலாம். பரிசோதனையில் "இருக்கிறது" என்று வந்தால் அவளைச் சந்தேகக் கண்ணால் பார்ப்பவர்களுக்கு என் வகுப்பில் பெஞ்சு மேல் ஏறி நிற்கும் தண்டனைதான்.

தாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. சிக்கல் பிரசவ நேரத்தில். பிள்ளை வெளியே வரும் வழியில், அல்லது பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆக, கிருமி பிள்ளையிடம் போய்விடுகிறது. கிருமி உள்ள தாய்மாரில் பாதிப் பேரின் குழந்தைகளுக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிக்கொண்ட எல்லாக் குழந்தைக்கும் நோய் வருவதில்லை, மிகச் சிலருக்குத்தான் வருகிறது. ஆனால் வந்தால் ரத்தத்தில் பரவும், நுரையீரலைப் பிடிக்கும், மூளையுறையைப் பிடிக்கும். பெரும்பாலும் பிறந்த முதல் 24 மணி நேரத்திலேயே. பிழைத்தாலும் காது கேளாமை, வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறைவு என்று சில குழந்தைகளுக்கு ஆயுள் முழுக்க மிச்சம் வைத்துவிட்டுப் போகும். அப்படி ஒன்றிரண்டு பிள்ளைகள் ஒவ்வோர் ஆசிரியர் வகுப்பிலும் உட்கார்ந்திருப்பார்கள். "பிறந்தப்போ காய்ச்சல் வந்துச்சு டீச்சர்" என்று அம்மா சொல்லுவாள். என்ன காய்ச்சல் என்று அவளுக்கும் தெரியாது.

தடுக்கும் வழி என்ன? ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் இல்லை. 36, 37ஆம் வாரத்தில் ஒரு பஞ்சுக்குச்சியால் பிறப்புறுப்பின் வாய்ப்பகுதியிலும் ஆசனவாயிலும் தொட்டு எடுத்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது. வலி கிடையாது. கூச்சப்படும் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம். கிருமி இருந்தால் அப்போதே மாத்திரை கொடுப்பதில்லை. கொடுத்தாலும் பிரசவத்துக்குள் திரும்ப வந்துவிடும். இடுப்பு வலி தொடங்கியதும், அல்லது பனிக்குடம் உடைந்ததும், ரத்தக்குழாய் வழியாகப் பென்சிலின் ஏற்ற வேண்டும், குழந்தை பிறக்கும் வரை நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை. பிள்ளை வருவதற்கு நாலு மணி நேரம் முன்பாவது முதல் ஊசி போயிருந்தால் நல்லது. பென்சிலின் இல்லாவிட்டால் ஆம்பிசிலின். இரண்டுமே பழைய மருந்துகள், மலிவான மருந்துகள்.

அமெரிக்காவில் 1970களில் பச்சிளங்குழந்தைகளைக் கொல்லும் தொற்றுகளில் இது முன்வரிசையில் இருந்தது. 1986இல் சிகாகோவில் செய்த ஒரு சோதனை, பிரசவ நேரத்தில் மருந்து ஏற்றினால் தடுக்க முடியும் என்று காட்டியது. அப்புறமும் உடனே நடந்துவிடவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் பத்து வருஷம் கத்த வேண்டியிருந்தது. 1996இல்தான் அவர்கள் நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2002இல் எல்லாக் கர்ப்பிணிக்கும் பரிசோதனை என்று மாற்றினார்கள். விளைவு? 1990இல் ஆயிரம் பிறப்புக்கு 1.8 குழந்தைக்கு முதல் வாரத்திலேயே வந்த நோய், 2015இல் 0.23 ஆகக் குறைந்தது. எட்டில் ஒரு பங்கு.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

"வெள்ளைக்காரன் நோய்." வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளிடம் இந்த நோயைக் கண்டு ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். வெளிநாடு இல்லை, வேலூர். ஆயிரம் பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் இல்லாமல் இல்லை. அங்கே எப்படித் தெரிந்தது? நோயுற்ற குழந்தையின் ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் கிருமி வளர்த்துப் பார்த்ததால் தெரிந்தது. பார்த்த இடத்தில் இருக்கிறது. பார்க்காத இடத்தில் "இல்லை". வருகைப் பதிவேட்டைத் திறக்காமலே "இன்று யாரும் லீவு இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தலைமையாசிரியர் விடுவாரா? மாவட்டக் கல்வி அலுவலர் விடுவாரா? எனக்கு மெமோ வந்திருக்கும். பிள்ளைகள் உயிர் விஷயத்தில் மட்டும் அந்தப் பதிவேடு செல்லுமா?

"கார்ப்பரேட் கொள்ளை." இந்த வாதத்தில் கோபம் நியாயமானது, முடிவு தலைகீழானது. இன்று இந்தப் பரிசோதனை யாருக்குக் கிடைக்கிறது? அக்கா அமெரிக்காவில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைக்கிறது. "உனக்கு ஜிபிஎஸ் ஸ்வாப் எடுத்தாங்களா?" என்று அக்கா போனில் கேட்கிறாள், தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் காசு கட்டி எடுத்துக்கொள்கிறாள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எந்த அக்கா இருக்கிறாள்? அவளுக்கு அரசாங்கம்தான் அக்கா. அரசு இலவசமாகச் செய்கிற எதிலும் கார்ப்பரேட் கொள்ளையடிக்க முடியாது. அரசு செய்யாமல் விடுவதில்தான் அவர்கள் கடை போடுகிறார்கள்.

"தாய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால் பிள்ளையின் எதிர்ப்புசக்தி போய்விடும்." இதை எழுதியவர் இயற்கை வாழ்வியல் பேசும் நல்ல மனிதர், மரியாதையோடே பதில் சொல்கிறேன். தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் போடக்கூடாது என்பதில் நானும் அவர் பக்கம்தான். குழந்தையின் குடலில் சேரும் நல்ல கிருமிகளில் மாற்றம் வருகிறது என்ற ஆய்வுகளும் உண்டு. பென்சிலின் ஒவ்வாமை அபூர்வமாக ஆபத்தாகவும் முடியும், அதனால்தான் முன்கூட்டியே கேட்டு எழுதி வைக்க வேண்டும். ஆனால் ஒரு கேள்வி. 2019 - 21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் கிட்டத்தட்ட 45 சிசேரியன். சிசேரியன் என்றால் கத்தி வைப்பதற்கு முன்பு தாய்க்கு ஆன்டிபயாடிக் போடுவதுதான் முறை. அந்த 45 பேருக்காக உங்களில் யாரும் இதுவரை பதிவு போட்டு நான் பார்க்கவில்லை. யாருக்குத் தேவை என்று சோதித்துப் பார்த்து அவர்களுக்கு மட்டும் கொடுக்கச் சொன்னால்தான் எதிர்ப்புசக்தி நினைவுக்கு வருகிறதா?

இந்த மூன்றுக்கும் பதில் சொல்வது சுலபம். சுலபமில்லாத எதிர்ப்பு ஒன்று வந்தது. எழுதியவர் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவர், இப்போது குழந்தைகள் மருத்துவர். அவர் சொன்னது: "டீச்சர், நம்ம ஊர்ல பச்சப்புள்ளைங்க செப்சிஸ்ல சாகறது ஜிபிஎஸ்ஸால இல்ல. க்ளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், ஈகோலி. டெல்லி ஆய்வைப் பாருங்க. இருக்கிற பணத்தை ஸ்வாப்ல போடறதா, கை கழுவற குழாய்ல போடறதா?"

பார்த்தேன், தம்பி. 2016இல் வந்த ஆய்வு, டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகள். நீங்கள் சொன்ன கிருமிகள்தான் அதில் முன்னால் நிற்கின்றன, ஜிபிஎஸ் அபூர்வம். மறைக்கவில்லை. குழாயும் சோப்பும் முதலில் வேண்டும் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. கழிப்பறையில் தண்ணீர் வராத பள்ளியில் வேலை பார்த்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அது டெல்லிக் கணக்கு. நம் மாவட்டத்துக் கணக்கு எங்கே? தாலுகா மருத்துவமனையில் பிறந்து ஆறு மணி நேரத்தில் துவண்டுபோன பிள்ளைக்கு, முதல் ஊசி போடும் முன்பு ரத்தக் கல்ச்சர் எடுக்கிறார்களா? எடுத்தால் அந்த முடிவு எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது? அப்புறம், நீங்கள் சொன்ன கிருமிகளில் பல, மருந்துக்கு மசியாமல் டாக்டர்களைத் திணறடிக்கின்றன. ஜிபிஎஸ் அப்படியில்லை, இன்றைக்கும் பழைய பென்சிலினுக்கே அடங்குகிறது. கஷ்டமான கணக்கு இருக்கிறது என்பதற்காகச் சுலபமான கணக்கைப் போடாமல் விட்டுவிட்டு வருகிறவனுக்கு நான் மார்க் போட்டதில்லை, உங்களுக்கே தெரியும்.

என் பழைய மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், எந்த மருத்துவமனை என்பதும் வேண்டாம். தலைப்பிரசவம். இரவு ஒன்பது மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. உடனே போய்விட்டார்கள், வீட்டில் காத்திருக்கவில்லை. வலி வரவில்லை, "காத்திருங்கள்" என்றார்கள். மறுநாள் சாயங்காலம் ஐந்து மணி தாண்டி ஆண் குழந்தை. ஏறத்தாழ இருபது மணி நேரம். குழந்தை முதலில் அழுதது. ராத்திரியே பால் இழுக்கவில்லை. முனகிக்கொண்டே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி பட்சி தோஷம் என்றாள். விடியற்காலை கண்ணாடிப் பெட்டிக்குக் கொண்டுபோனார்கள், 108 வைத்துப் பெரிய ஊருக்கு அனுப்பினார்கள். இரண்டாம் நாள் முடிந்துவிட்டது.

அவள் வைத்திருக்கும் காகிதங்களை நானே கையில் வாங்கிப் படித்தேன். "செப்சிஸ்" என்று ஒரே வார்த்தை. ரத்தக் கல்ச்சர் என்ற இடம் காலி. பிரசவத்துக்கு முன்பு ஆன்டிபயாடிக் போட்டதாகவும் இல்லை, போடவில்லை என்றும் இல்லை. பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆனால் ஆபத்து என்பது உலகம் முழுக்க மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். அவனைக் கொன்றது ஜிபிஎஸ்ஸா, ஈகோலியா, வேறொன்றா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாருக்கும் தெரியாது. எந்தக் கணக்கிலும் அவன் ஜிபிஎஸ் என்று ஏற மாட்டான். அப்புறம் கணக்கைக் காட்டி "நம் ஊரில் ஜிபிஎஸ் இல்லை" என்பார்கள்.

மூன்று வருஷம் ஆகிவிட்டது. அவள் என்னிடம் கேட்டது: "டீச்சர், கிரகணத்தன்னிக்கு நான் வெளிய வந்தேன்னு மாமியார் சொல்றாங்க. அதுனாலயா?" ஒரு டாக்டர் ஒரு காகிதத்தில் ஒரு கிருமியின் பெயரை எழுதிக் கொடுத்திருந்தால், இந்தப் பெண் மூன்று வருஷமாகக் கிரகணத்தைச் சுமந்துகொண்டு திரிய மாட்டாள்.

இப்போது கரும்பலகைக் கணக்கு ஒன்று. ஆராய்ச்சி இல்லை, வாய்ப்பாடு தெரிந்தவர்கள் சேர்ந்து போடலாம். தமிழ்நாட்டில் வருஷத்துக்குத் தோராயமாக 9 லட்சம் பிரசவம். நூற்றுக்கு 12 தாய்மாரிடம் கிருமி என்று வைத்தால் 1,08,000 பேர். கிருமி உள்ள தாய்க்குப் பிரசவத்தில் மருந்து போடாவிட்டால் 200இல் ஒரு குழந்தைக்கு நோய் வரும் என்பது அமெரிக்கக் கணக்கு. அதன்படி 540 குழந்தைகள். மருந்து போட்டால் 4,000இல் ஒன்று. அதன்படி 27. நம் ஊர்ச் சிசேரியன் எண்ணிக்கையால், வேறு காரணத்துக்குப் போடும் மருந்துகளால், முதல் எண் குறையலாம். பாதியாகவே வைத்துக்கொள்ளுங்கள், 270. வகுப்புக்கு நாற்பது பிள்ளை என்றால் ஆறேமுக்கால் வகுப்பறை, ஒவ்வொரு வருஷமும். என் கணக்கு தப்பு என்றால் உங்கள் கணக்கைப் போடுங்கள். ஆனால் கல்ச்சர் முடிவுகளை வைத்துக்கொண்டு போடுங்கள்.

"அப்படியானால் எல்லா நாடும் செய்யுமே?" என்று கேட்பீர்கள். எல்லா நாடும் செய்யவில்லை. இங்கிலாந்து எல்லோருக்கும் பரிசோதனை என்பதை இன்னும் ஏற்கவில்லை. கிருமி உள்ள பெரும்பாலான தாய்மாருக்கு நல்ல பிள்ளைதான் பிறக்கிறது, பரிசோதனைக்கும் பிரசவத்துக்கும் நடுவில் முடிவு மாறலாம், ஆயிரக்கணக்கானவர்களுக்கு மருந்து போக வேண்டியிருக்கும் என்பது அவர்கள் காரணம். அதனால் காய்ச்சல், குறைமாதப் பிரசவம் போன்ற ஆபத்து அறிகுறி உள்ளவர்களுக்கு மட்டும் மருந்து. அங்கே 1996இல் தன் பிள்ளை தியோவைப் பிறந்த பதினேழு மணி நேரத்தில் இதே கிருமிக்குப் பறிகொடுத்த ஜேன் பிளம் என்ற தாய் ஓர் அமைப்பையே தொடங்கி இன்றுவரை வாதாடிக்கொண்டிருக்கிறார். எந்த வழி சிறந்தது என்று பார்க்கப் பெரிய ஆய்வு ஒன்றையும் அந்த நாட்டில் தொடங்கினார்கள்.

நான் கவனித்தது வேறு. "எல்லோருக்கும் பரிசோதனை வேண்டாம்" என்ற அந்த நாட்டிலேயே, மகப்பேறு மருத்துவர்களின் ராயல் கல்லூரி 2017இல் எழுதிய வழிகாட்டுதலில், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஜிபிஎஸ் பற்றிய துண்டறிக்கை கொடுக்கச் சொல்கிறது. பரிசோதனை கிடையாது என்று முடிவு செய்தவர்கள்கூட, அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்கிறார்கள். நாம் பரிசோதனையும் செய்யவில்லை, வேண்டாம் என்று விவாதித்து முடிவெடுக்கவும் இல்லை. பேச்சே எழவில்லை. என் கோபம் அங்கேதான்.

நம்மால் முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒரு பாக்டீரியாவைத் தேடுவது நமக்குப் புதிதே இல்லை. முதல் மாதங்களில் எடுக்கும் ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். என்று பார்க்கிறார்களே, அது எதற்கு? சிஃபிலிஸ் கிருமிக்கு. அதுவும் பாக்டீரியாதான், அதற்கும் பென்சிலின்தான். பக்கத்தில் இருக்கும் இலங்கை, தாயிடமிருந்து பிள்ளைக்கு சிஃபிலிஸும் எச்.ஐ.வி.யும் போவதை ஒழித்துவிட்டதாக 2019இல் உலக சுகாதார நிறுவனத்திடம் சான்றே வாங்கியது. அட்டையில் ஒரு வரி, கிராமத்தில் ஒரு நர்ஸம்மா, ஆய்வகத்தில் ஒரு ஆள். அப்படித்தான் வாங்கினார்கள். நம்மிடம் அட்டை இருக்கிறது. நர்ஸம்மா இருக்கிறார். பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழே கிடையாது என்கிற அளவுக்கு ஒவ்வொரு கர்ப்பிணியையும் பதிவு செய்கிறோம். நூற்றுக்கு 99 பிரசவம் மருத்துவமனையில். முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய்க்குப் பணமும் பெட்டகமும் கொடுக்கிற மாநிலம் இது. பேரீச்சம்பழம் வைத்த பெட்டகத்தில் ஒரு துண்டறிக்கைக்கு இடம் இல்லையா?

ஆக, நான் கேட்பது இதுதான். நாளைக் காலையே எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஸ்வாப் எடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பஞ்சுக்குச்சியை வளர்த்துப் பார்க்கத் தனி ஊடகம் வேண்டும், ஆள் வேண்டும், ஒரு நாள் இரண்டு நாள் வேண்டும். தெரிந்துதான் பேசுகிறேன். முதலில், பிறந்து மூன்று நாளைக்குள் நோயுறும் ஒவ்வொரு குழந்தைக்கும் மருந்துக்கு முன் ரத்தக் கல்ச்சர் எடுக்க வேண்டும், கிடைத்த கிருமியின் பெயரை மாவட்டவாரியாக வருஷா வருஷம் வெளியிட வேண்டும். பரிசோதனை இல்லாத இன்றைக்கே செய்யக்கூடியது ஒன்று உண்டு: குறைமாதம், பனிக்குடம் உடைந்து 18 மணி நேரம், தாய்க்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல், முந்தின பிள்ளைக்கு இந்த நோய், இந்தக் கர்ப்பத்தில் சிறுநீரில் இந்தக் கிருமி. இவற்றில் ஒன்று இருந்தாலும் மருந்து போட்டாயிற்றா, எத்தனை மணிக்குப் போட்டாய் என்று பிரசவத் தாளில் எழுத ஒரு கட்டம் வேண்டும். கட்டம் இருந்தால்தான் நிரப்புவார்கள், இது நாற்பது வருஷப் பதிவேடுகளில் நான் கண்டது. அப்புறம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மட்டுமாவது, ஆய்வகம்தான் அங்கே இருக்கிறதே, 36 வாரம் ஆன எல்லோருக்கும் இலவசமாக இரண்டு வருஷம் செய்து பாருங்கள். வரும் எண்ணை வைத்து மற்றதை முடிவு செய்யுங்கள். எண் சின்னதாக வந்தால் நானே இதே பக்கத்தில் எழுதுகிறேன்.

பரிசோதனையில் எல்லாம் நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ஆபத்து அறிகுறியை மட்டும் பார்த்தால், எந்த அறிகுறியும் இல்லாத தாய்மாரின் பிள்ளைகள் தப்பிவிடுவார்கள், நான் சொல்லும் "தப்பு" நம் கண்ணிலிருந்து. ஒரு வாரத்துக்குப் பிறகு வரும் நோயைப் பிரசவ நேர மருந்து தடுப்பதில்லை. தாய்க்குப் போடும் தடுப்பூசி ஒன்றைச் சோதித்து வருகிறார்கள், 2021இல் உலக சுகாதார நிறுவனமே அதை விரைவுபடுத்தச் சொல்லி அறிக்கை விட்டது. உலகத்தில் இந்தக் கிருமியால் வருஷத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் சாவு, வயிற்றில் இறந்தவர்களையும் சேர்த்து, என்று அதில் இருக்கிறது. ஊசி வரும்போது வரட்டும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. பனிக்குடம் உடைந்தால், வலி இல்லாவிட்டாலும், நல்ல நேரம் பார்க்காமல் கிளம்புங்கள். உடைந்த மணியை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நர்ஸ் கையில் கொடுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும். 18 மணி நேரம் நெருங்கினால் "ஆன்டிபயாடிக் போட வேண்டுமா, டாக்டரைக் கேளுங்கள்" என்று கேளுங்கள். திட்டினால் திட்டட்டும். முன்பு பென்சிலின் ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் முதல் மாதமே அட்டையில் எழுத வையுங்கள். சிறுநீரில் உப்பு, சர்க்கரை பார்த்ததோடு நிற்காமல், எரிச்சல் இருந்தால் கல்ச்சர் கேளுங்கள். பிறந்த பிள்ளை பால் இழுக்கவில்லை, முனகுகிறது, மூச்சு வேகமாக வாங்குகிறது, உடம்பு கொதிக்கிறது அல்லது சில்லென்று இருக்கிறது, துவண்டு கிடக்கிறது, நீலம் பாய்கிறது என்றால் அது தோஷம் இல்லை. மந்திரிக்கப் போக வேண்டாம், விடியட்டும் என்றும் இருக்க வேண்டாம். மணிக்கணக்கில் கை நழுவிப் போகும் நோய் இது.

அங்கன்வாடிப் பணியாளர்களாக இருக்கும் என் மாணவிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சமுதாய வளைகாப்பில் வளையல் போட்டு, கலவை சாதம் போட்டு முடித்த பிறகு, இந்த மேலே உள்ள பத்தியை மட்டும் ஒருமுறை உரக்கப் படியுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

என் பங்குக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டிருக்கிறேன். மூன்று கேள்விகள். கடந்த மூன்று ஆண்டுகளில் நம் மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் பிறந்து முதல் ஒரு வாரத்தில் செப்சிஸ் என்று சேர்க்கப்பட்ட குழந்தைகள் எத்தனை? அதில் எத்தனை பேருக்கு ரத்தக் கல்ச்சர் எடுக்கப்பட்டது? அதில் என்னென்ன கிருமி, எத்தனை எத்தனை? மனு போய்ச் சேர்ந்து இன்றோடு 19 நாள். சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் அப்படியே படம் எடுத்து இங்கே போடுகிறேன். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவை எடுத்துக்கொண்டு, அதற்கடுத்த திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்கும் போகிறேன். கூட வருகிறவர்கள் பெயர் கொடுங்கள். மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு மனுவின் மாதிரி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள், மாவட்டப் பெயரை மட்டும் மாற்றினால் போதும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட மறக்காதீர்கள்.